ஆறே முக்கால் அடி மாப்பிள்ளை

மார்ச் 14, 2024. குத்தைசி, ஜார்ஜியா

இன்று பெஞ்சில் உட்கார்ந்தபடியே நோன்பு திறந்தேன். இடைவேளை விசில் ஊதுவதற்கும் சூரியன் மறைவதற்கும் சரியாக இருந்தது. கழுத்தில் சிலுவைச் சங்கிலி போட்ட எங்கள் அணியின் கியோர்கி, வியர்வை சொட்டச் சொட்ட ஓடிப்போய் என் பையிலிருந்து பேரீச்சம்பழப் பொட்டலத்தை எடுத்துவந்தான். நேரமாகிவிட்டது, சாப்பிடு, சாப்பிடு என்று என்னைவிட அவனுக்குத்தான் அவசரம். கோச் பலகையில் கோடு போட்டு விளக்கிக்கொண்டிருந்தார். நான் கொட்டையை எங்கே துப்புவது என்று தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தேன்.

ஆட விட்டது கடைசிக் கொஞ்ச நேரம்தான். புதிதாக வந்திருக்கும் செர்பியாக்காரனுக்கு இருபத்திரண்டு வயது. எனக்கு முப்பத்து மூன்று. அவன் குதிக்கிறான், நான் யோசித்துக் குதிக்கிறேன்.

கூடைப்பந்தில் சென்டர் என்றால் கூடைக்குக் கீழே நிற்பவன். எதிரணியின் பெரிய ஆளை முதுகால் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். முழங்கைக் குத்து வாங்க வேண்டும். தவறி விழும் பந்தைப் பிடித்து, ஓடத் தெரிந்தவர்களிடம் கொடுத்துவிட வேண்டும். பெயர் அவர்களுக்கு, ஐஸ் பை நமக்கு. ஆனாலும் எனக்கு இந்த வேலை பிடிக்கும். பஹ்ரைனில் பிடித்தது, தாய்லாந்தில் பிடித்தது, மூச்சு உறையும் மங்கோலியாவில்கூடப் பிடித்தது.

என் மனைவி மர்வா போனில் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். “இன்னைக்கி தலை எங்கன இடிச்சுச்சு?”

பஸ் கதவில்.

ஏப்ரல் 28

அடுத்த சீசனுக்கு நான் வேண்டாமாம். மேனேஜர் நல்ல மனிதர். கட்டிப்பிடித்து முதுகில் தட்டி, ஒரு பெரிய பாலாடைக்கட்டியைக் கையில் கொடுத்துச் சொன்னார். அதை வைத்துக்கொண்டு கோபப்படவும் முடியவில்லை.

இஃப்திகார் காக்காவுக்கு போன் போட்டேன். எங்கள் பக்கம் காக்கா என்றால் அண்ணன். தொண்டிக்காரர், மனாமாவில் இருந்துகொண்டு பஹ்ரைன் காலத்திலிருந்து எனக்கு அணி பிடித்துத் தருகிறவர். அவர் மழுப்ப மாட்டார். “முப்பத்து மூணு வயசு சென்டரை விக்கிறது, ஹஜ்ஜுப் பெருநாளைக்கி மறுநாள் ஆட்டைச் சந்தைக்கி ஓட்டிட்டுப் போற மாதிரி நவாஸ் தம்பி. பாப்போம்” என்றார்.

மர்வாவிடம் சொல்லிவிட்டேன்.  வாங்க, வந்து பேசிக்கலாம், தலையைக் குனிஞ்சு வாங்க என்றாள்.

மே 4. கீழக்கரை

வந்து சேர்ந்தேன்.

கீழக்கரையில் கல்யாணம் ஆனால் பெண் வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து இருக்க வேண்டும். பெரியபட்டினத்தில் பிறந்த நான் இரண்டு வருடமாகக் கீழக்கரை மருமகன். மாமனார் சலாஹுதீன் கடைத்தெருவில் இரும்புக்கடை வைத்திருக்கிறார். கல்யாணத்துக்கு முன்பு டேப்போடு எங்கள் வீட்டுக்கு வந்து என்னை நிற்க வைத்து அளந்தார். ஆறே முக்கால் அடி. பிறகு போய்த் தன் வீட்டு வாசல் நிலையை இடித்து ஏழரை அடிக்கு உயர்த்தினார். ஊரே வந்து பார்த்தது.

வாசல் நிலையை மட்டும்தான். உள்ளே இருக்கும் நிலைகள் எல்லாம் பழைய ஆறடி. ஏன் என்று கேட்பவர்களுக்கு அவரே கணக்குச் சொல்வார். வெளிநாட்டுப் பிழைப்பை இங்கே சபுர் என்பார்கள். சபுர் மாப்பிள்ளை வருடத்துக்கு ஒரு மாதம் வந்து போகிறவர், அந்த ஒரு மாதத்துக்கு யாராவது வீட்டையே இடிப்பார்களா? நியாயமான கணக்குதான். என் வாப்பா குவைத்தில் சமையல்காரராக இருந்த காலம் முழுக்க எங்கள் வீட்டிலும் இந்தக் கணக்குத்தான் நடந்தது.

இன்று வாசலில் ராஜா மாதிரி நிமிர்ந்து நுழைந்தேன். எல்லோரும் சிரித்த முகமாக நின்றார்கள். சலாம் சொல்லிக்கொண்டே இன்னும் இரண்டு எட்டு வைத்தேன். டம்.

மாமி ஐஸை ஏற்கெனவே தயாராக வைத்திருந்தார்.

சாயா குடித்து முடிப்பதற்குள் மாமா கேட்டுவிட்டார். “எப்ப பயணம்?”

இது கோபக் கேள்வி இல்லை. ஊருக்கு வரும் எல்லோரிடமும் சலாமுக்கு அடுத்துக் கேட்பது. பார்த்துக்கிட்டிருக்காங்க மாமா என்றேன். உண்மையைச் சொல்லுங்க என்கிற மாதிரி மர்வா என் காலை மிதித்தாள்.

மே 10, வெள்ளி

மாமா வீட்டு நிலைகள் எல்லாம் என் நெற்றியில் ஒரே இடத்தில் கையெழுத்துப் போடுகின்றன. அந்த இடம் காய்ந்து கறுத்து ஒரு ரூபாய்க் காசு அளவுக்குத் தழும்பாகிவிட்டது.

ஜும்ஆ தொழுகை முடிந்து பள்ளிவாசலை விட்டு வெளியே வரும்போது மோதினார் என்னை நிறுத்தினார். வயதானவர், தொழுகைக்கு அழைத்துப் பாங்கு சொல்லும் குரலுக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். என் முகத்தைப் பார்க்க அவர் அண்ணாந்தார், நான் குனிந்தேன். நெற்றியை உற்றுப் பார்த்து மாஷா அல்லாஹ் என்றார். நெடுநேரம் தரையில் நெற்றி வைத்துத் தொழுகிறவர்களுக்கு வரும் தழும்பு என்று நினைத்துவிட்டார்.

எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. உண்மையைச் சொல்லிவிட்டேன். “அது தொழுகைத் தழும்பு இல்லைங்கப்பா. நிலையில இடிச்சது.”

அவர் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற மாமாவிடம் திரும்பினார். “தன் வணக்கத்தை எப்புடி மறைக்கிறாரு பாத்தீகளா.”

மாமாவுக்கு நிலை விஷயம் நன்றாகத் தெரியும். ஆனால் அத்தனை பேர் சுற்றி நிற்கும்போது அவருக்கு அது தெரியாமல் போய்விட்டது. சின்ன வயசுலேர்ந்தே அப்புடித்தான் என்றார். என் சின்ன வயது அவருக்கு எப்படித் தெரியும்?

வீட்டில் மர்வாவிடம் சொன்னேன். துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். இராமநாதபுரத்தில் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறவள். இத்தனை விசையில் இத்தனை முறை இடித்தால் இவ்வளவு புண்ணியம் என்று சூத்திரம் எழுதலாம் என்றாள்.

மே 23

இன்று ஐஸ் வண்டிக்காரரும் கேட்டுவிட்டார். எப்ப பயணம்?

ஜூன் 17, ஹஜ்ஜுப் பெருநாள்

தெருவுக்கே நான்தான் ஏணி. பெருநாளுக்குப் பெரிய சட்டி எல்லாம் பரணிலிருந்து இறங்க வேண்டும். எட்டு வீட்டுப் பரண்களில் கை விட்டேன். ஒரு வீட்டில் காற்றாடி துடைத்தேன். ஒரு வீட்டில் பல்லி பிடித்தேன். எல்லா வீட்டிலும் நிலையில் இடித்தேன். எல்லா வீட்டிலும் இனிக்க இனிக்க வட்டலாப்பம்.

வயிறு நிறைய, மனசும் நிறைய வந்து படுத்தேன். அப்புறம் ஒரு நினைப்பு வந்தது, போக மாட்டேன் என்கிறது. பந்து இல்லையென்றால் நான் யார்? உயரமான ஆள். அவ்வளவுதானா?

ஜூன் 29

விடியலில் இராமநாதபுரம் சிமென்ட் மைதானம். பாண்டீஸ்வரன் வந்திருந்தான். பள்ளியில் என்னோடு ஆடியவன், இப்போது போலீஸ். கமுதிப் பக்கம் மிளகாய்க் காட்டுக்காரர்கள் வீட்டுப் பிள்ளை, பேச்சிலும் அந்தக் காரம் இருக்கும். டியூட்டி இல்லாத நாள்களில் எனக்குப் பந்து பொறுக்கிப் போடுகிறான்.

அவனைப் பின்னால் நிற்கச் சொல்லி நூறு தடவை முதுகால் தள்ளினேன். அவன் தொப்பையை அழுத்தித் தள்ளித் தள்ளிக் கூடைக்குக் கீழே போய்ப் போட்டேன். இடது முழங்கால் முனகியது. ஆனால் கை மறக்கவில்லை. பந்து பலகையில் பட்டு உள்ளே விழும் அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு இன்னும் பசி எடுக்கிறது. இன்னும் ஒரே ஒரு சீசன் வேண்டும் பாண்டி என்றேன். பெஞ்சில் முடிக்க விருப்பமில்லை, ஆடி முடிக்க வேண்டும்.

“ஏலே, ஒன்னைய வேண்டாம்னு சொன்னவன் நேர்ல வந்து இந்த இடிய வாங்கிட்டுச் சொல்லட்டும்லே” என்றான், வயிற்றைத் தடவிக்கொண்டே.

ஜூலை 11

பஹ்ரைனில் இரண்டாம் டிவிஷன் அணி ஒன்று வீடியோ கேட்டிருந்தது. பாண்டி எடுத்த வீடியோவை அனுப்பினோம். இன்று பதில் வந்துவிட்டது. முழங்காலைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம்.

முழங்கால் வலிக்குது, சரி. எந்த சென்டருக்கு வலிக்கல? நான் அங்கன ஆடினப்ப என் தோளைப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டு போட்டோ எடுத்தவங்கதானே இவங்க? எனக்கு இன்னும் ஆட்டம் இருக்கு. இருக்குல்ல? இல்லாட்டி நான்தான் இருக்குன்னு சொல்லிக்கிட்டுத் திரியுறேனா?

மர்வா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.  முழங்காலில் தைலம் தேய்த்துவிட்டாள்.

ஜூலை 12

இரவுச் சாப்பாட்டில் மாமா வழக்கம் போலக் கேட்டார். இந்த முறை மழுப்பவில்லை. “பயணம் இல்லை மாமா. யாரும் கூப்புடல” என்றேன்.

மாமா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். சரி என்றார். கை கழுவிவிட்டு எழுந்து போய்விட்டார்.

ஜூலை 13

காலையில் கண் விழித்தால் எங்கள் அறை வாசலில் மாமா, முக்காலி மேல், கையில் டேப்.

எல்லா நிலையையும் உயர்த்தப் போகிறாராம். வருடம் முழுக்க இருக்கப் போகிற மாப்பிள்ளைக்கு இப்படி இருந்தால் ஆகாது என்றார். குரலில் குத்தல் எதுவும் இல்லை. அவர் பாட்டுக்கு அளந்து, பென்சிலால் சுவரில் கோடு போட்டார்.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். முடியவில்லை. அந்தக் கோட்டைப் பார்க்கப் பார்க்க, நவாஸ் இனிமேல் ஆடப் போவதில்லை என்று வீடே கூடி முடிவெடுத்துவிட்ட மாதிரி இருந்தது. கொஞ்ச நாள் பொறுங்க மாமா என்று சொல்லிவிட்டேன்.

மாமா டேப்பைச் சுருட்டினார். “இந்த வீட்டுல இருக்க ஒங்களுக்கு இஷ்டமில்லையா மாப்புள?”

இல்லை மாமா, அது இல்லை என்றேன். 

ஜூலை 14

மர்வாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். “எங்க வாப்பாவுக்கு யாரு மேலயாச்சும் பாசம் வந்தா மொதல்ல எடுக்குறது டேப்புதான். அது தெரியாதா மச்சான் ஒங்களுக்கு?”

தெரியும். ஆனால் நிலை உயர்ந்துவிட்டால் என் ஆட்டம் முடிந்தது என்று அர்த்தம் என்றேன். நிலைக்கும் ஆட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டாள். விளக்கிப் பார்த்தேன். சொல்லச் சொல்ல எனக்கே கோமாளித்தனமாகத் தெரிந்தது. ஆனாலும் அவள் சிரிக்கவில்லை. மாமா மூன்று நாள் பொறுப்பார், அதற்கு மேல் சுவரில் கோடு போட்ட வீட்டில் அவருக்குத் தூக்கம் வராது என்றாள்.

ஆகஸ்ட் 6

மாமா மூன்று வாரத்துக்கு மேல் பொறுத்துவிட்டார். பென்சில் கோடும் அப்படியே இருக்கிறது.

இன்று இஃப்திகார் காக்கா கூப்பிட்டார். கொழும்பில் ஒரு கிளப். அக்டோபர் முதல் டிசம்பர் வரை, மூன்று மாத சீசன். குதிக்கிற ஆள்கள் அவர்களிடம் நிறைய இருக்கிறார்களாம். அசையாமல் நின்று மற்றவர்களுக்கு வழி எடுத்துக் கொடுக்கும் பெரிய ஆள் இல்லையாம். முழங்கால் பற்றிச் சொன்னாராம், நிற்கிறவருக்கு ஓடும் முழங்கால் எதற்கு என்று கேட்டார்களாம்.

கேட்டதும் முதலில் வந்தது ரோஷம். மங்கோலியா வரை போன ஆளுக்குக் கொழும்பா? எங்கள் வீட்டு ரேடியோவில் முள்ளைத் திருப்பினால் கேட்கிற ஊர் அது.

மர்வா நோட்டுத் திருத்திக்கொண்டே சொன்னாள். “அங்கயும் கூடை பத்தடி ஒசரத்துலதானே கெடக்கு?”

ஆகஸ்ட் 8

சரி என்று சொல்லிவிட்டேன்.

ஊருக்குத்தான் பிடிக்கவில்லை. அதெல்லாம் ஒரு சபுரா என்கிறார்கள். ஜார்ஜியாவை மாமா அமெரிக்கா என்று சொல்லி வைத்திருந்ததால் நான் அமெரிக்காவிலிருந்து கொழும்புக்கு இறங்கிவிட்டேன் என்று பேச்சு. எங்க பெரியவாப்பா சாயாக்கடை வச்சிருந்த ஊர்ல போயி பந்து வெளையாடுவீகளா என்று ஒருவர் கேட்டார். என் வாப்பாவுக்கு மட்டும் ஒரே சந்தோஷம். உம்மாவையும் கூட்டிக்கொண்டு பெரியபட்டினத்திலிருந்து பஸ் ஏறி வந்து, மூணு மாசத்துல திரும்பி வரலாம், எனக்குக் கெடச்சிருந்தா நான் போயிருப்பேன் என்றார். அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்காமல் உம்மாவைப் பார்த்தார்.

ஆகஸ்ட் 9

மாமாவிடம் போனேன். கடையில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். மூன்று மாதம் அங்கே, மீதி ஒன்பது மாதம் இங்கே என்றேன்.

ஆணித் தட்டை இறக்கி வைத்துவிட்டு மாமா யோசித்தார். அவர் கணக்குப் போடுவது எனக்கே கேட்டது.

“ஒம்போது மாசம்னா இடிக்கிறது நியாயம்தான்” என்றார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். “இப்ப இடிக்கலாமா மாப்புள?”

இடிங்க மாமா என்றேன். நானே வந்து இடிக்கிறேன் என்றேன். கண் கரித்தது. கடையில் துருத்தூசி அதிகம் என்று இருவருமே சொல்லிக்கொண்டோம்.

செப்டம்பர் 3

வீடு முழுக்க புழுதி. கொத்தனார் வீரமணி சாரம் கட்டவில்லை, முட்டுக்கொடுக்க மரம் கேட்கவில்லை. என்னை நிலைக்குக் கீழே நிறுத்தி, மேல் பலகையை இரண்டு கையாலும் தாங்கச் சொன்னார். அண்ணே அசையாம நில்லுங்க என்று அதட்டல் வேறு. நான் வாழ்நாள் முழுக்கப் பழகிய வேலை. அவர் சுற்றிலும் தட்டித் தட்டிப் பெயர்த்தார், நான் நின்றேன். மர்வா கதவோரமாக நின்று, கொழும்புக்காரர்கள் பார்த்தால் சம்பளத்தைக் கூட்டிவிடுவார்கள் என்றாள்.

கடைசியாக எங்கள் அறை நிலை. கழற்றிய பலகையின் நடுவில் ஒரு இடம் எண்ணெய் ஏறி வழவழவென்று மின்னியது. என் தலை பட்ட இடம்.

அக்டோபர் 19. கொழும்பு

முதல் ஆட்டம். வென்றோம். நான் எடுத்த புள்ளிகள் கொஞ்சம், எடுத்துக் கொடுத்த வழிகள் நிறைய. உதடு கிழிந்தது. முழு ஆட்டமும் ஆடினேன் என்று இங்கே ஒருமுறை எழுதிக்கொள்கிறேன். முழு ஆட்டமும் ஆடினேன்.

நவம்பர் 9

தோல்வி. மழை. முழங்காலில் ஐஸ். ஹோட்டல் குளியலறை நிலையில் ஒரு இடி. பரவாயில்லை, நல்ல நாள்தான்.

டிசம்பர் 27

மர்வாவின் அரையாண்டு விடுமுறைக்கு அவளும் மாமாவும் மதுரையில் விமானம் ஏறி வந்துவிட்டார்கள். மாமா இதுவரை நான் ஆடிப் பார்த்ததே இல்லை. அரைக் கிளாஸ் சாயா குடிக்கிற நேரத்தில் வந்துவிட்டோமே, இதற்கா இத்தனை வருடம் உலகத்தைச் சுற்றினீர்கள் என்று விமான நிலையத்திலேயே ஆரம்பித்துவிட்டார்.

இன்று அரையிறுதி. ஒற்றைக் கூடையில் தோற்றோம். என் சீசன் முடிந்தது. ஆனால் கடைசி விசில் ஊதும்போது நான் மைதானத்தில் இருந்தேன், கூடைக்குக் கீழே, இடி வாங்கிக்கொண்டு. எழுந்து நின்று கைதட்டினார்கள், எதிரணிக்காரர்களும். எத்தனையோ ஊரில் ஆடியிருக்கிறேன், இப்படி யாரும் தட்டியதில்லை. அழுகை வந்தது, அழுதேன். வியர்வையில் யாருக்குத் தெரியப் போகிறது.

மர்வாவுக்குத் தெரிந்திருந்தது.

நான் ஃப்ரீ த்ரோ எறியும் போதெல்லாம் மாமா கையேந்தி துஆ கேட்டாராம். ஆட்டம் முடிந்து என் பக்கத்தில் வந்து தோளைத் தொட்டுப் பார்த்தார், சிவந்திருந்த இடத்தை எல்லாம் பார்த்தார். “இதுவா மாப்புள ஒங்க வேலை? இம்புட்டு இடியும் இங்கன வாங்கிட்டு, வீட்டுக்கு வந்து நிலையிலயும் வாங்குனீகளா?”

பிறகு கிளப் மேனேஜர் வந்தார். அடுத்த அக்டோபருக்கும் என்னை எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டார். எனக்கு முன்னால் மாமா தலையாட்டிவிட்டார்.

ஜனவரி 10, 2025, வெள்ளி. கீழக்கரை

ஊர் திரும்பி பத்து நாள் போல ஆகிறது. யாரும் எப்ப பயணம் என்று கேட்கவில்லை. அக்டோபரில் போவார் என்று மாமா எல்லோரிடமும் சொல்லிவிட்டாராம்.

வீட்டில் எல்லா நிலைக்கும் கீழே நான் இன்னும் குனிந்துதான் போகிறேன். பழக்கம் விடவில்லை. தலைக்கு மேல் ஒரு சாண் காலி இடம் இருக்கும்போது நான் குனிவதைப் பார்த்து மாமி சமையலறையிலிருந்து சிரிக்கிறார்.

ஜும்ஆ முடிந்ததும் மோதினார் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டார். அண்ணாந்து என் நெற்றியைப் பார்த்தார். நெற்றி பளிங்கு மாதிரி சுத்தமாக இருந்தது, தழும்பு இருந்த தடமே இல்லை. அவர் முகம் வாடிவிட்டது. பக்கத்தில் மாமாவைத் தவிர யாரும் இல்லையா என்று பார்த்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் அன்பாகக் கேட்டார்.

“தம்பி, இப்பல்லாம் தொழுகை கொறஞ்சு போச்சோ?”

மாமா வேறு பக்கம் திரும்பிச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். அவர் தோள் குலுங்கியது. இனிமேல் கவனமாக இருக்கிறேன் என்று மோதினாருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டில் சொன்னதும் மர்வா சிரித்துச் சிரித்து, நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

“ஒரே ஒரு நிலைய மட்டும் திரும்ப எறக்கிவிடச் சொல்லவா மச்சான்?”